எங்கே வெட்டுவது என்பதை யார் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே குறும்படமாக எடுக்கப் பழகும் வகுப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அந்த வகுப்புகளைச் சில ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் எனக்கு வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால், எல்லாருக்குமே ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

சிறப்பாசிரியை, தக்கலை

கேள்வி: எங்கள் பயிற்சி மையத்துக்கு வரும் எட்டு இளைஞர்களுக்குப் படம் எடுக்கக் கற்றுத்தர விரும்புகிறேன். இருவர் சக்கர நாற்காலியில் வருகிறார்கள், ஒருவருக்குப் பார்வை இல்லை, மற்றவர்களுக்கு அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ உள்ளது. எங்களிடம் இருப்பவை இரண்டு செல்போன்கள் மட்டுமே. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதல் இரண்டு வகுப்புகளில் அந்த இரண்டு செல்போன்களையும் வெளியே எடுக்காதீர்கள். கேமரா வந்தவுடன் எல்லாருடைய கவனமும் பொத்தான்களின் மேல் போய்விடும். பொத்தானை எளிதாக அழுத்த முடிந்தவர் முந்திக்கொள்வார், முடியாதவர் இது தமக்கு வராது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுவார். ஆளுக்கு ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, வட்டமாக உட்கார்ந்து, அதைப் பற்றி ஒருவர் சொல்வதை மற்றவர்கள் இடைமறிக்காமல் கேட்கும்படி செய்யுங்கள். 1990களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் உருவாக்கிய டிஜிட்டல் கதைசொல்லல் பட்டறைகளில் இப்படிப்பட்ட கதை வட்டம் முக்கியமான படியாக இருந்து வருகிறது. சொந்தக் குரலில் பதிவு செய்த சில நிமிடக் கதையும், வீட்டில் கிடக்கும் புகைப்படங்களும் இருந்தாலே அங்கே ஒரு படம் உருவாகிவிடுகிறது. உங்கள் மாணவர்களுக்கும் முதல் படம் அந்த அளவில் இருந்தால் போதும்.

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர், தம் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குக் கொண்டுபோன கத்தியை எடுத்து வந்தார். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர் என்பதால், விபத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்திருந்தோம். அவரோ, விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகும் அப்பாவுக்குப் பின்னால் மரம் மரமாக நடந்ததையும், சிரட்டை நிறைவதைக் காத்திருந்து பார்த்ததையும், இன்றைக்கும் அந்தக் கத்தியைத் தீட்டித் தருவது தம் வேலை என்பதையும் சொன்னார். விபத்து அவருடைய படத்தில் ஒரு வரியில்கூட வரவில்லை. மாற்றுத்திறனாளி ஒருவர் கதை சொன்னால் அது குறைபாட்டின் கதையாகத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு ஆசிரியர்களாகிய நம்மிடம்தான் முதலில் இருக்கிறது. கேள்வி கேட்கும் விதத்திலேயே நாம் அதை மாணவர்மேல் ஏற்றிவிடுகிறோம்.

எட்டுப் பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் படத்துக்கு மற்றவர் உதவியாளராக இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் ஒரு சோடியாக இருந்தால், ஒருவருடைய கண்ணும் மற்றவருடைய காலும் இருவருக்கும் பயன்படும். போனைக் கையில் பிடிக்க முடியாதவருக்கு அதை நாற்காலியின் கைப்பிடியில் பொருத்தும் கிளாம்ப் போதும். விரலால் திரையைத் தொடுவது கடினமென்றால், ஒலியைக் கூட்டும் பொத்தானையே பதிவுப் பொத்தானாகப் பயன்படுத்தும் வசதி பல போன்களில் உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ரிமோட்டை முழங்கையாலோ கன்னத்தாலோகூட அழுத்தலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, எடுத்த ஒவ்வொரு ஷாட்டிலிருந்தும் ஒரு படத்தை அச்சிட்டு மேசையில் பரப்பி, எது முதலில் வர வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்று கையால் அடுக்கச் சொல்லுங்கள். கணினியில் செய்யும் எடிட்டிங்கின் சாரம் அந்த அடுக்குதலில் அடங்கிவிடுகிறது.

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: மாணவர் கேட்காமல் அவர் கையிலிருக்கும் போனை நீங்கள் வாங்கக் கூடாது. இந்த விதியை நானே ஒருமுறை மீறியிருக்கிறேன். திரையிடலுக்கு ஒரு நாள்தான் இருந்தது. தசைச் சிதைவு நோயுள்ள ஒரு பெண்ணின் படத்தை இரவோடிரவாக நானே உட்கார்ந்து சரிசெய்தேன். அவருடைய அம்மா அவருக்குத் தலை சீவிவிடும் காட்சி பேச்சே இல்லாமல் நாற்பது விநாடி ஓடியது. அதை ஆறு விநாடியாகக் குறைத்து, அடியில் இசை சேர்த்தேன். காலையில் அதைப் பார்த்த அந்தப் பெண், “நல்லாத்தான் இருக்கு சார், ஆனா இது எனக்க கதை இல்ல” என்றார். முந்திரி ஆலைக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் அண்டி ஆபீசுக்கு, வேலைக்குப் போகும் அம்மா தன்னோடு ஒரு வேலையும் இல்லாததுபோல் உட்கார்ந்திருக்கும் நேரம் நாளில் அது ஒன்றுதான் என்று பிறகு சொன்னார். நாற்பது விநாடியையும் திரும்ப வைத்தோம். எங்கே வெட்டுவது என்பதைச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவருடைய கதைதான் திரையில் வரும் என்று நான் கற்றுக்கொண்டது அந்தப் பெண்ணிடமிருந்துதான்.

வாசகர், வயது 24, கருங்கல்

கேள்வி: எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. நான் ஒரு படம் எடுத்தால் அது என் படமாக இருக்குமா, உதவிக்கு வருபவரின் படமாக இருக்குமா?

பதில்: பெரிய திரைப்படங்களிலும் பெரும்பாலும் இயக்குநர் கேமராவைத் தொடுவதில்லை, ஒளிப்பதிவாளரிடம் தமக்கு வேண்டியதைச் சொல்லி வாங்கிக்கொள்கிறார். நீங்களும் சொல்லி வாங்கலாம். ஆனால் சொன்னது கிடைத்ததா என்று சரிபார்க்க உங்களுக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி இல்லையென்றால், உங்கள் அச்சம் நியாயமானதுதான்.

எங்கள் வகுப்பில் உங்களைப் போன்ற ஒரு மாணவர் கண்டுபிடித்த வழி இது. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை தாம் நடக்கும் பாதையைப் படமாக்கிய அவர், ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் தம் தங்கை அதில் தெரிவதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பதிவு செய்யும்படி ஏற்பாடு செய்தார். “அண்ணனுக்க கம்பு நுனி, ஓடை மூடி, ஒரு பூனை” என்பதுபோல் இருக்கும் அந்த வாக்கியங்கள். எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோது ஒவ்வொரு ஷாட்டும் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டது; எதை வைப்பது, எதை விடுவது என்று அவரே கேட்டுக் கேட்டு முடிவெடுத்தார். கடைசியில் அந்த வாக்கியங்களை நீக்கிவிடலாம் என்று நான் சொன்னபோது, அவை இருந்தால்தான் தம் நண்பர்கள் படத்தைப் பின்தொடர முடியும் என்று மறுத்துவிட்டார். திரையரங்குகளில் பார்வையற்றோருக்கான ஒலி விவரணை வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அந்த ஒலி விவரணையை எங்கள் மாணவர் தம் தேவையிலிருந்தே உருவாக்கிக்கொண்டார்.

கருவிகளும் ஓரளவு துணைக்கு வருகின்றன. ஐபோனில், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் வாய்ஸ்ஓவரை இயக்கிவிட்டுக் கேமராவைத் திறந்தால், சட்டகத்தில் எத்தனை முகங்கள் இருக்கின்றன, எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று அது சொல்லும்; கூகுளின் பிக்சல் போன்களிலும் 2022 முதல் இதுபோன்ற வசதி இருக்கிறது. இவை இல்லாவிட்டால் ஒரு கயிறு போதும். முகம் மட்டும் வர ஒரு முழம், இடுப்பு வரை வர இவ்வளவு, முழு ஆள் வர இவ்வளவு என்று உங்கள் போனில் ஒருமுறை அளந்து கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டால், தூரம் உங்கள் கைக்கு வந்துவிடும். ஒலியைத் தொகுக்க, கணினித் திரையைப் படித்துச் சொல்லும் இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவையும், அத்தகைய திரைவாசிப்பானோடு இயங்க உதவும் ஒசாரா என்னும் இணைப்போடு ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளையும் பார்வையற்ற ஒலிப்பதிவாளர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். அதைப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் படத்தின் முதுகெலும்பு ஒலியாகத்தான் இருக்கும். நம் மாவட்டத்தில் காற்று பெரிய எதிரி. ஆரல்வாய்மொழிப் பக்கமோ கடற்கரையிலோ பதிவு செய்தால் மைக்கைத் தடித்த கம்பளித் துணியால் மூடிக்கொள்ளுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

வாசகர், நாகர்கோவில்

கேள்வி: என் படத்தின் பின்னணியில் எனக்குப் பிடித்த பழைய சினிமாப் பாடலைச் சேர்க்கலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் சேர்க்கக் கூடாது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுகளுக்கு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. யூடியூபில் ஏற்றினால் தானியங்கிச் சோதனையிலேயே பிடிபடும். அந்தப் பாடல் உங்களுக்கு ஏன் பிடித்தது என்பதை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். உங்கள் பாட்டா பாடிய தாலாட்டோ, தோவாளைப் பூச்சந்தையின் விடிகாலை இரைச்சலோ எந்தப் பாடலையும்விட உங்கள் படத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கொல்லங்கோடு

கேள்வி: சாய்தளம் இல்லாத அலுவலகங்களும் ஏற முடியாத பேருந்துகளும் நிறைந்த ஊரில், படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பதால் என்ன ஆகப்போகிறது? பார்ப்பவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இந்த உழைப்பை வேலைவாய்ப்புப் பயிற்சியில் செலவிட்டால் என்ன?

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் இருக்கும் அக்கறையை மதிக்கிறேன், அதனாலேயே சற்று விரிவாகச் சொல்கிறேன். கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டி ஃபோகோ என்றொரு தீவு இருக்கிறது. மீன்பிடித் தொழில் நொடித்துப்போய், மக்களை வேறிடத்தில் குடியேற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில், 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ அங்கே போய், மீனவர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசுவதைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். தீவை விட்டு வெளியே காட்டுமுன் அவற்றை அந்த மக்களுக்கே காட்டி ஒப்புதல் பெற்றார்கள். ஒரு கரையில் இருப்பவர் சொன்னதை மறு கரையில் இருப்பவர் பார்த்தார்; பிறகு அரசு பார்த்தது; அமைச்சர் தம் பதிலையும் படமாகவே எடுத்து அனுப்பினார். தீவு மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அங்கேயே தங்கினார்கள். நம் நாட்டிலும் 1984இல் அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பு, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் உட்படத் தன் உறுப்பினர்களுக்கு வீடியோ எடுக்கப் பயிற்சி அளித்தது. மனு எழுத முடியாத பெண்கள் தங்கள் தொழிலின் நிலையைத் தாங்களே காட்டினார்கள். எழுத்தில் கொடுக்கும் மனு அதிகாரியின் மேசையில் ஒரு தாள்; படம் அவரைச் சில நிமிடங்களாவது அந்த இடத்தில் நிறுத்திவைக்கிறது.

எங்கள் வகுப்பில் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த பெண் எடுத்த படத்தைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அவர் சிறுமி. மாமா முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது மாமா உயிரோடு இல்லை. இனியொரு எச்சரிக்கை வந்தால் தாமாகவே பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்ச் சேர முடியுமா என்பதுதான் அவருடைய படம். போனைத் தம் சக்கர நாற்காலியின் முன்சக்கரத்துக்கு அருகில் கட்டிவிட்டு, வீட்டு வாசலிலிருந்து பள்ளி வரை போனார். மணலில் சக்கரம் புதைவதும், பக்கத்து வீட்டுப் பையன் வந்து தூக்கிவிடுவதும், குடிநீர்க் குழாயடியில் சுற்றிப் போவதும், பள்ளி வாசலில் இரண்டு படிகளுக்கு முன்னால் சக்கரம் நின்றுவிடுவதும் தெரிகின்றன. அவர் முகம் படத்தில் ஓரிடத்திலும் இல்லை. ‘ஐயோ பாவம்’ என்று சொல்வதற்குப் பார்ப்பவருக்கு இடமே கிடைக்கவில்லை. ஊர்க் கமிட்டியார் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். இரண்டு படிகளுக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சாய்தளம் வந்துவிட்டது. மாடிக்குப் போகும் படிக்கட்டும் மணல் பாதையும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் படத்தை மீண்டும் காட்டும் வேலையும் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். இத்தனை பேர் இருந்தும், திரையில் அவர்களைப் பற்றி நாம் பார்த்தவை பெரும்பாலும் மற்றவர்கள் எழுதி மற்றவர்கள் நடித்தவை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் முறை குறித்த தீர்ப்பில், இழிவுபடுத்தும் சொற்களையும் பழகிப்போன அச்சு வடிவங்களையும் தவிர்க்க வேண்டும் என்றும், அவர்களைப் பற்றிய எதையும் அவர்கள் இல்லாமல் முடிவு செய்யக் கூடாது என்ற கொள்கையை மனத்தில் கொள்ள வேண்டும் என்றும் கூறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவும், மாற்றுத்திறனாளிகள் தங்கள் கலைத்திறனை வளர்த்துக்கொள்வது அவர்களுக்கு மட்டுமன்றிச் சமுதாயத்துக்கும் வளம் சேர்ப்பது என்று சொல்கிறது. வேலைவாய்ப்புப் பயிற்சி வேண்டியதுதான், ஐயா. அந்தப் பயிற்சி எந்த நேரத்தில் நடக்கிறது, அதற்கு வந்து சேர முடிகிறதா, அங்கே கழிப்பறை இருக்கிறதா என்பதைச் சொல்லவும் அவர்களுக்கு ஒரு வழி வேண்டும்.

வாசகி, மார்த்தாண்டம்

கேள்வி: எனக்குக் காது கேட்காது. சைகை மொழியில் என் கதையைச் சொல்லி ஒரு படம் எடுத்தோம். எடிட் செய்து கொடுத்த நண்பர் கேட்கும் திறன் உள்ளவர். படத்தைப் பார்த்தபோது நான் சொன்னதில் பாதி காணாமல் போயிருந்தது. தவறு எங்கே நடந்தது?

பதில்: உங்கள் நண்பர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், அம்மா. காதால் கேட்பவர்களுக்குப் பழகிய முறையில் எடிட் செய்திருப்பார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்தை விட்டுவிட்டு வீட்டையோ தெருவையோ காட்டுவது வழக்கமான படங்களில் சாதாரணம். குரல் அடியில் தொடர்ந்து ஓடும், ஒன்றும் இழப்பில்லை. சைகை மொழியில் கையும் முகமும்தான் பேச்சு. கேமரா வேறு பக்கம் போன அந்த நொடியில், பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்தியது போலாகிவிடுகிறது. ஆகவே காட்ட வேண்டியதை முதலில் காட்டிவிட்டு, பிறகு உங்களிடம் திரும்பி வந்து நீங்கள் சொல்வதை முழுமையாகப் பார்க்க விட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் திரையைப் பாதியாகப் பிரிக்கலாம்.

வாக்கியம் எங்கே முடிகிறது என்பதும் கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. கை கீழே இறங்கிவிட்டால் பேச்சு முடிந்தது என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். புருவமும் பார்வையும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்த முறை எடிட்டிங்கின்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்ட வேண்டிய இடத்தில் மேசையைத் தட்டுங்கள். எடுக்கும்போதும் கவனிக்க வேண்டியவை உண்டு: தலைக்கு மேல் சற்று இடம் விட்டு, முழங்கைகள் இரண்டும் விரியும் அளவுக்கு அகலமாகச் சட்டகம் வையுங்கள், கையின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் ஒரே நிற உடையை அணியுங்கள், சன்னலுக்கு எதிரே அமர்ந்து வெளிச்சம் முகத்தில் விழும்படி பாருங்கள். வெளிச்சம் குறைந்தால் வேகமாக அசையும் விரல்கள் கலங்கித் தெரியும்.

திரையின் கீழே வரும் தமிழ் வசன வரிகளை (சப்டைட்டில்) எழுதுவதில் பொறுமை வேண்டும். இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நீங்கள் மழலையாகப் பேசுவதுபோல் தோன்றும், அது உங்களுக்குச் செய்யும் அநீதி. 2015இல் டில்லியில் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையத்தின் அகராதி இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் பிறந்த சைகைகள் அதில் இல்லாமல் இருக்கலாம். அவற்றை அகராதிக்காக மாற்றிக்கொள்ளாதீர்கள். அவற்றின் பொருளை நீங்களே நண்பருக்குச் சொல்லி, வசன வரியை அவர் எழுதியதும் ஒருமுறை படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள்.

தாய், குளச்சல்

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் மகளுக்கு வயது 22. வகுப்பில் சேர்ந்த பிறகு வீட்டில் எல்லாவற்றையும் படம் எடுக்கிறாள். அவள் எடுக்கும் படத்தில் எங்கள் வீட்டுச் சண்டையும் வருமோ, இணையத்தில் போட்டால் கேலி செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது. தடுக்கவும் மனம் வரவில்லை.

பதில்: தடுக்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனத்தையே நம்புங்கள், அம்மா. எடுப்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு, காட்டுவது வேறு. எடுப்பதில் அவருக்கு முழு உரிமை கொடுங்கள். காட்டுவதைப் படிப்படியாக வைத்துக்கொள்ளலாம்: முதலில் வீட்டார் மட்டும், பிறகு வகுப்பு, பிறகு ஊரில் ஒரு திரையிடல், விரும்பினால் இணையம். ஒவ்வொரு படியிலும், படத்தில் முகம் வரும் எல்லாரிடமும், உங்கள் மகளிடமும், மறுபடி கேட்க வேண்டும். வகுப்பில் ஒருமுறை வாங்கிய கையெழுத்தை எல்லாக் காலத்துக்குமான ஒப்புதலாக நான் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் மகளுக்குக் காகிதத்தில் எழுதியிருப்பது விளங்காமல் போகலாம், ஆனால் படத்தை ஓடவிட்டு, “இதை எதிர்வீட்டு அக்கா பார்க்கலாமா? உன் பள்ளிக்கூட டீச்சர் பார்க்கலாமா? தெரியாத ஆள் பார்க்கலாமா?” என்று ஒவ்வொரு முகமாகச் சொல்லிக் கேட்டால் அவர் தெளிவாகப் பதில் சொல்வார். எங்கள் அனுபவத்தில், இப்படிக் கேட்கப்பட்டவர்களில் பலர் பெற்றோர் பயந்ததைவிட அதிகமான காட்சிகளைத் தாங்களே நீக்கிவிடுகிறார்கள்.

வீட்டுச் சண்டை வந்தால், அதில் இருப்பவர்கள் வேண்டாமென்று சொல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. அதை மகளிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள். கேலியைப் பொறுத்தவரை, யூடியூபில் அந்தப் படத்தின் இணைய முகவரி தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றலாம், கருத்துப் பகுதியை மூடிவைக்கலாம். பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வேண்டுகோள்: அவர் எடுத்தவற்றை ஒருநாள் அவரோடு உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். அவர் எந்த உயரத்திலிருந்து உங்களைப் பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பது அதில் இருக்கும்.

வாசகர், அருமனை

கேள்வி: என் தம்பிக்கு மூளை முடக்குவாதம். அவன் பேசுவது எங்களுக்கு விளங்கும், வெளியாருக்கு விளங்காது. அவனுடைய படத்துக்கு நல்ல குரல் உள்ள ஒருவரைப் பேசவைக்கலாம் என்று நினைக்கிறோம். உங்கள் கருத்து என்ன?

பதில்: வேண்டாம் என்பது என் கருத்து. முடிவு உங்கள் தம்பியுடையது. அவருக்கே வேறு குரல் பிடித்திருந்தால், அந்தக் குரலைத் தேர்ந்தெடுப்பவரும் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவரும் அவராக இருக்க வேண்டும். ‘நினைக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குள் அவரும் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

அவர் குரலையே வைத்துக்கொள்வதானால் செய்ய வேண்டியவை சில. அமைதியான அறையில், துணிகள் தொங்கும் இடத்துக்கு அருகில், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் பதிவு செய்யுங்கள். களைப்பு ஏறினால் குரல் இறுகும் என்பதால் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சொற்களுக்கு இடையே அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடிட்டிங்கில் நீக்காதீர்கள், அந்த இடைவெளியில்தான் கேட்பவர் காது அவருக்குப் பழகுகிறது. கீழே பெரிய எழுத்தில், இரண்டு வரிக்கு மிகாமல், அவர் சொன்ன அதே சொற்களை வசன வரியாகப் போடுங்கள். அவருடைய பேச்சுத் தமிழை நூல் தமிழாகத் திருத்த வேண்டாம்.

எங்கள் திரையிடல் ஒன்றில், உங்கள் தம்பியைப் போன்ற ஒருவரின் படத்துக்கு எல்லா வரிகளுக்கும் வசன வரி இருந்தது, கடைசி ஒன்றைத் தவிர. அதை மறந்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அவர்தான் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார். “அம்மா, சாயா ஆறிப்போச்சு” என்பது அந்த வரி. ஏழு நிமிடம் அவர் குரலைக் கேட்டுவிட்ட பிறகு, அரங்கில் இருந்த அறிமுகமில்லாதவர்களுக்கும் அது விளங்கியது. பின்வரிசையில் யாரோ அதை மெல்லத் திருப்பிச் சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த கடிதத்தை உங்கள் தம்பியையே குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். விளங்காத இடங்களை அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.